கேர்னல் மாறினதும் விஎம் எழும்பாமப் போன அனுபவம்: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் எழுதுங்க

வாவிக்கரை:
கனநாளா எழுத நினைச்சி நினைச்சி விட்ட விசயம், இண்டைக்கு எழுதிப் போடுறன். 2022 கரண்ட் கட் காலம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும், மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்ல. டவுன்ல ஒரு தனியார் கிளினிக், அங்க ஆறாம் தலைமுறை கோர் ஐ7 டவர் ஒண்டு, அதுக்குள்ள கேவிஎம் (ஒரு மெஷினுக்குள்ள பல விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர், ஓட விடுற லினக்ஸ் கேர்னல்ட பகுதி; கேர்னல் எண்டது லினக்ஸ்ட மையம்), மருந்து பில்லிங் விஎம், லேப் விஎம் எல்லாம் அதிலதான். யுபிஎஸ் பேட்டரி இறங்கினா ஹோஸ்ட் (விஎம்களச் சுமக்கிற மெஷின்) தானா நிக்கும், நிக்க முதல் லிப்வேர்ட் (விஎம்கள நிர்வகிக்கிற சொப்ட்வேர்) விஎம்கள மெமரியோட சேர்த்து டிஸ்க்ல சேவ் பண்ணி வைக்கும், கரண்ட் வந்தா விட்ட இடத்தில இருந்து தொடங்கும். இது எத்தினையோ கட்டுக்கு ஒழுங்கா வேலை செஞ்சிச்சி.

ஒரு நாள் பின்னேரம் கரண்ட் வந்திச்சி, ஹோஸ்ட் எழும்பிச்சி, விஎம் ஒண்டும் எழும்பல்ல. கவுண்டர்ல சனம் நம்பர் துண்டோட வரிசைல நிக்கிது, பார்மசி அக்கா கொப்பில கையால பில் எழுதுறா, நான் பின் ரூமுக்குள்ள மொனிட்டர் முன்னால. ஸ்கிரீன்ல ஒரே ஒரு வரி. கெஸ்டின் (உள்ளுக்க ஓடுற விஎம்மின்) சிபியு குறிப்போட ஒத்துப்போகல்ல, இல்லாத அம்சங்கள் எச்எல்இ, ஆர்டிஎம். அந்த ரெண்டு சொல்லும் இன்னும் என்ட கண்ணுக்குள்ளயே நிக்கிது.

நடந்தது என்னெண்டா அந்த ஹோஸ்ட்ல புது கேர்னல் 5.15உம் புது மைக்ரோகோட்டும் (சிப்புக்குள்ள ஏத்துற திருத்தம்) முதலே இறங்கி ரீபூட்டுக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கு, கரண்ட் கட்தான் அந்த ரீபூட்டக் குடுத்திச்சி. 2021 ஜூன்ல இன்டெல் விட்ட மைக்ரோகோட் இந்தத் தலைமுறை டெஸ்க்டொப் சிப்கள்ல டிஎஸ்எக்ஸ (எச்எல்இ, ஆர்டிஎம் ரெண்டும் சேர்ந்த சிப் அம்சம்) நிப்பாட்டிப் போட்டுது, 5.14ல இருந்து வந்த கேர்னல் அத சிபியுஐடில (சிப் தன்ட அம்சங்களச் சொல்ற பட்டியல்) இருந்தே அழிச்சிரும். சேவ் ஆன விஎம் பழைய 5.4ல பூட் ஆனது, அதின்ட கணக்கில அந்த ரெண்டு பிட்டும் இரிக்கு. அப்ப இல்லாத சிபியுவில என்னெண்டு எழும்புறது? சேவ் பைல்ட எக்ஸ்எம்எல்ல எடிட் பண்ணப் பாத்தா லிப்வேர்ட் விடாது, கெஸ்ட் கண்ணுக்குத் தெரியிற விசயத்த இடையில மாத்த ஏலா, அது சரியான முடிவுதான்.

கடைசில கிரப் மெனுவில (பூட் ஆகக்குள்ள கேர்னலத் தெரிவு செய்ற இடம்) பழைய கேர்னலத் தெரிஞ்சி, பூட் வரியில மைக்ரோகோட் லோடர நிப்பாட்டுற ஆப்ஷனும் போட்டு எழுப்பினன், நல்ல காலம் பயோசுக்குள்ள இருந்தது பழைய மைக்ரோகோட். எல்லா விஎம்மும் அப்பிடியே வந்திச்சி, பாதி அடிச்ச பில் கூட ஸ்கிரீன்ல கிடந்திச்சி. மறுகா உள்ளுக்க போய் ஒழுங்கா ஷட்டவுன் பண்ணி, சிபியு மொடல நோ டிஎஸ்எக்ஸ் எண்டு முடியிறதுக்கு மாத்தி, புது கேர்னல்ல எழுப்பினன்.

எனக்கு இன்னும் மனசுக்குள்ள குடைஞ்சிக்கொண்டு கிடக்கிறது இதுதான். டிஸ்க் பழுதாகல்ல, மெமரி பைல் முழுசா இரிக்கு, அந்த பில்லிங் சொப்ட்வேர் டிஎஸ்எக்ஸ வாழ்க்கைல தொட்டிருக்கவும் மாட்டாது. எண்டாலும் கேர்னல் நேத்து ஒண்டக் காட்டிச்சி, இண்டைக்குக் காட்டல்ல, அதோட முடிஞ்சிது. உங்களுக்கு வேற எந்த ரெஜிஸ்டர்ல (சிபியுவுக்குள்ள இருக்கிற சின்னச் சேமிப்பிடம்) இப்பிடி நடந்தது?

கல்முனை நானா:
தம்பி வாவிக்கரை, உங்கட கதைய வாசிக்கக்குள்ள எனக்கு 2018 ஜனவரி ஞாபகம் வந்திச்சி. அப்ப நான் கொழும்பில ஒரு ஹோஸ்டிங் கம்பெனில நைட் ஷிப்ட். 3ம் திகதி ஸ்பெக்டர் எண்ட சிப் பாதுகாப்பு ஓட்டை வெளில வந்திச்சி, எல்லாரும் அவசரமா மைக்ரோகோட் ஏத்தினாங்க, அதோட ஸ்பெக் கன்ட்ரோல் எண்டு புது எம்எஸ்ஆர் (இன்டெல் வகை, அதாவது எக்ஸ்86, சிபியுட கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்), ஹெக்ஸ் 48, கெஸ்டுக்குள்ளயும் தெரிய வந்திச்சி. 22ம் திகதி இன்டெல்லே சொல்லிட்டு, அந்த மைக்ரோகோட்டப் போடாதீங்க, மெஷின் தன்னால ரீபூட் ஆகுது எண்டு. அப்ப சில ஹோஸ்ட்ல திருப்பி எடுத்தம், சிலதில எடுக்கல்ல. எடுக்காததில இருந்து எடுத்ததுக்கு விஎம்ம ஓட ஓடவே நகத்தினா (லைவ் மைக்ரேஷன்), எம்எஸ்ஆர் ஹெக்ஸ் 48 செட் பண்ண ஏலல்ல எண்டு ஒரு வரி எழுதிட்டு கியூஎமு (விஎம்ம ஓட்டுற புரோகிராம்) அந்த இடத்திலயே அசெர்ட்ல விழுந்திரும், அதாவது தன்னைத் தானே நிப்பாட்டிரும். விடிய சுபஹுக்கு பாங்கு சொல்ற நேரம், நான் அந்த ஒரு வரியையே பாத்துக்கொண்டு இரிக்கன். நல்ல காலம் சோர்ஸ் பக்கம் விஎம் உசிரோட இருந்திச்சி.

இப்ப உங்களுக்கு நான் சொல்றது, முதலாவது யுபிஎஸ் இறங்கக்குள்ள சஸ்பெண்ட் வேணாம், ஷட்டவுனுக்கு மாத்துங்க, லிப்வேர்ட் கெஸ்ட்ஸ் கொன்பிக்ல ஒரு வரிதான் அது, சேவ் பைல் எண்டது பழைய கேர்னல்ட சொத்து, அத நம்பி ரெண்டு கேர்னல் தாண்ட ஏலா. மற்றது ஹோஸ்ட் பாஸ்த்ரூ (ஹோஸ்ட் சிபியுவ அப்பிடியே கெஸ்டுக்குக் காட்டுறது) போட்டு வச்சிரிந்தா இண்டைக்கே எடுங்க, பேர் உள்ள மொடல் ஒண்டு போடுங்க, அதுவும் உங்கட்ட இருக்கிற ஆகப் பழைய ஹோஸ்டுக்குப் பொருந்துறது. ஹோஸ்ட் மொடல் போட்டா நல்லந்தானே எண்டு சில பேர் கேப்பாங்க, அது விஎம் தொடங்கிற நேரம் அந்த ஹோஸ்ட் என்ன காட்டுதோ அத எல்லாம் அள்ளி எடுத்துப் போடும், அப்ப மைக்ரோகோட்டும் கேர்னலும் மாறினா அதுவும் மாறும், ஆனபடியால் ஒரே ஹோஸ்ட் எண்டாலும் நம்ப ஏலா. மைக்ரோகோட் பெக்கேஜ ஹோல்ட்ல போடுங்க, கேர்னலும் அதுவும் ஒரே நாள்ல மாறக் கூடா, ஒண்ட மாத்தி, விஎம் எல்லாத்தயும் ஒருக்கா ஷட்டவுன் பண்ணி எழுப்பிப் பாத்து, பிறகு மற்றது. பழைய கேர்னல் பெக்கேஜ ஓட்டோ ரிமூவ் தூக்கிக்கொண்டு போக விடாதீங்க, உங்களக் காப்பாத்தினதே அந்தப் பழைய கேர்னல்தான், அது இல்லாட்டி அண்டைக்கு அந்தப் பாதி பில் போயிருக்கும். யுபிஎஸ் எத்தின விஏ, எத்தின நிமிசம் தாங்குது எண்டும் எழுதுங்க, அதயும் பாப்பம். பேட்டரி ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், நம்மட ஊர் வெக்கைக்கு அதுக்கும் முதலே போயிரும், ஏசி இல்லாத ரூம் எண்டா சொல்லத் தேவல்ல.

வாவிக்கரை:
நானா, பேட்டரி மாத்தியாச்சி. ஷட்டவுன் பத்தி நீங்க சொல்றது எனக்கு ஒத்துக்க ஏலாம இரிக்கு. ஒரு கெஸ்ட் விண்டோஸ், அதுக்குள்ள டேட்டாபேஸ், அது ஷட்டவுன் ஆகி முடியிறதுக்குள்ள பேட்டரி போயிரும், சஸ்பெண்ட் எண்டா டிஸ்க்ல எழுதி முடிய நிக்கும், கெஸ்ட் என்ன சொல்லுது எண்டு பாக்கத் தேவல்ல. நான் கேட்டது சேவ் பைல ஏன் ரெண்டு கேர்னல் தாண்டி நம்ப ஏலாமக் கிடக்கு எண்டுதான். நம்ப ஏலணும் எண்டு நான் நினைக்கிறன்.

ஒலுவில் பை:
அண்ணன்மாரே, இன்டெல்ல விடுங்க, ஆர்ம் வகைச் சிப்ல நடந்தத சொல்றன். எங்கட்ட ராஸ்பெரி பை 4 ரெண்டு, எட்டு ஜிபி போர்ட், ரெண்டிலயும் கேவிஎம், டிஸ்க் என்எப்எஸ்ல (ரெண்டுக்கும் பொதுவான நெட்வேர்க் சேமிப்பு), பொடியன்மாருக்கு லினக்ஸ் படிச்சிக் குடுக்கிறதுக்கு விஎம் ஓடுது. ஒண்டில கேர்னல் 6.12, மற்றதில புதுசு பாக்கணும் எண்டு 6.13க்கு மேல ஒண்டு ஏத்தினம். ரெண்டும் ஒரே போர்ட், ஒரே சிப், ஒரே கியூஎமு. பழையதில இருந்து புதுசுக்கு நகத்தினா, சிபியு, சிபிரெக், அரே நீளம் எண்டு ஒரு எரர், அவ்வளவுதான். எந்த ரெஜிஸ்டர் எண்டு சொல்லாது. நீளம் சரியில்லயாம்!

ஆர்ம்ல கியூஎமு என்ன செய்யும் எண்டா, கேவிஎம்ட்ட உன்னட்ட என்ன என்ன ரெஜிஸ்டர் இரிக்கு எண்டு லிஸ்ட் கேட்கும், கேவிஎம் குடுக்கிற எல்லாத்தயும் அப்பிடியே எடுத்து மற்றப் பக்கம் அனுப்பும். வாற லிஸ்ட் அங்க இருக்கிற லிஸ்ட விடப் பெரிசா இரிந்தா எடுக்காது, நீளம் சரியா வந்தாலும் அங்க தெரியாத ரெஜிஸ்டர் ஒண்டு உள்ளுக்க இரிந்தா அப்பவும் எடுக்காது. சின்னதா வந்தா பிரச்சினை இல்ல, இல்லாதது ரீசெட் வேல்யூவோட கிடக்கும்.

நான் ரெண்டு பக்க லிஸ்டயும் எடுத்து ஒண்டோட ஒண்டு வச்சிப் பாத்தன். பழைய கேர்னல்ல கூட இருந்தது டிசிஆர்2 இஎல்1, பிஐஆர் இஎல்1, பிஐஆர்இ0 இஎல்1. வாசிச்சித்து அப்பிடியே இருந்துட்டன். பை 4ல இருக்கிறது கோர்ட்டெக்ஸ் ஏ72, அது வி8.0 சிப், இந்த மூணும் வி8.9 காலத்தில வந்த ரெஜிஸ்டர். அந்தச் சிப்புக்குள்ள இது எதுவுமே இல்ல! பழைய கேர்னல் சிப்ல இரிக்கா இல்லையா எண்டு பாக்காம எல்லாருக்கும் லிஸ்ட்ல போட்டிரிக்கு, 6.13ல அதத் திருத்தி, இல்லாத சிப்ல மறைச்சிட்டாங்க. திருத்தினது சரி. ஆனா அந்தத் திருத்தம்தான் மைக்ரேஷன உடைச்சிச்சி. உலகத்தில இல்லாத ஒரு ரெஜிஸ்டர கொண்டு வந்திட்டாய், வைக்க இடமில்ல எண்டு விஎம்ம வாசல்ல நிப்பாட்டுற மாதிரி.

விஎம்ம ஷட்டவுன் பண்ணி மற்றப் பக்கம் எழுப்பினம், வேற வழி அண்டைக்குத் தெரியல்ல. பொடியன் ஒருத்தன் அதுக்குள்ள இரவிரவா ஒரு கம்பைல் ஓட விட்டிருந்தான், அதுதான் இன்னும் மனசுக்குக் கஷ்டம்.

களுதாவளையான்:
இதுக்கு ஏன் இவ்வளவு? மற்றப் பக்கம் தெரியாத ரெஜிஸ்டர் வந்தா தூக்கி எறிஞ்சித்துப் போக வேண்டியதுதானே. இல்லாத ரெஜிஸ்டர எறிஞ்சா யாருக்கு என்ன நட்டம். நான் இங்க ஒரு சேவரில கேவிஎம் மொடியூலுக்கு இக்னோர் எம்எஸ்ஆர்ஸ் ஆப்ஷன் போட்டுத்தான் ஓட்டுறன், வருசக் கணக்கா ஓடுது, ஒரு சத்தமில்ல. எல்லாரும் அதப் போடுங்க, பிரச்சினை முடிஞ்சிது.

கல்முனை நானா:
களுதாவளையான் தம்பி, சத்தம் இல்ல எண்டதுதான் பிரச்சினை. அந்த ஆப்ஷன் போட்டா கெஸ்ட் தெரியாத எம்எஸ்ஆர் ஒண்ட வாசிச்சா பிழை குடுக்காம பூச்சியம் குடுக்கும், எழுதினா எழுதின மாதிரி காட்டித்து விட்டிரும். சில கெஸ்ட் ஓஎஸ் பூட் ஆக அது தேவை, அதுக்காகச் சில பேர் போடுவாங்க, அது வேற. நீங்க மைக்ரேஷனுக்கு அத மருந்தாச் சொல்லாதீங்க. கெஸ்ட் ஸ்பெக் கன்ட்ரோல ஒன் பண்ணிட்டன் எண்டு நம்பிக்கொண்டு இரிக்கும், உள்ளுக்க ஒண்டும் இல்ல. பாதுகாப்பு விசயத்தில அப்பிடி விளையாட ஏலாது.

ஆரையம்பதி அக்கா:
நான் இந்தப் பக்கம் வாசிக்கிறதோட சரி, களுதாவளையான் எழுதினதுக்காகத்தான் எழுத வந்தன். எறிஞ்சித்துப் போனா என்ன நடக்கும் எண்டு கண்ணால பாத்த ஆள் நான்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒண்டுக்கு வீட்டில இருந்து வேலை. ஹோஸ்ட் எல்லாம் ஒரே வகை ஜியோன், கேர்னல் மட்டும் சிலது 5.15, சிலது 6.1. விஎம்முக்குக் குடுத்தது பழைய சிபியு மொடல், பிகேயு (மெமரிப் பக்கங்களுக்குப் பூட்டுப் போடுற சிப் அம்சம்) இல்லாதது. ஆனா ஹோஸ்ட் சிப்ல பிகேயு இரிக்கு. பழைய கேர்னல் எக்ஸ்சேவ் டேட்டா (சிபியு நிலையச் சேமிக்கிற தொகுப்பு) எடுத்துக் குடுக்கக்குள்ள ஹோஸ்ட்ல இருக்கிற பிகேயுட ரெஜிஸ்டர் பிகேஆர்யூவையும் சேர்த்துக் குடுத்திரும், கெஸ்டுக்கு அது இல்ல எண்டாலும். 5.17ல அதத் திருத்தினாங்க, கெஸ்டுக்கு இல்லாததக் குடுக்கவும் மாட்டன், வாங்கவும் மாட்டன் எண்டு. குடுக்காம விட்டது சரி. வாங்க மாட்டன் எண்டதுதான் கொண்டு போய் விட்டிச்சி, ஏனெண்டா பழைய கேர்னல்ல இருந்து வாற எல்லா விஎம்மும் அந்த பிட்ட சுமந்துகொண்டுதான் வரும்.

இப்ப கேளுங்க. மைக்ரேஷன் முடிஞ்சிது, வெற்றி எண்டு வந்திச்சி. நான் டீ ஊத்தப் போக எழும்பினன், அப்பதான் பிங் நிண்டிச்சி. கொன்சோலத் திறந்தா லொகின் ஸ்கிரீன் அப்பிடியே கிடக்கு, கேர்சர் மினுங்கல்ல. சோர்ஸ் பக்கம் விஎம் இல்ல, அழிச்சாச்சி, ஏனெண்டா மைக்ரேஷன் வெற்றிதானே! எக்ஸ்சேவ் செட் பண்ண கேர்னல் மறுத்திச்சி, கியூஎமு அந்த இடத்திலயே மிச்ச ரெஜிஸ்டர்களப் போடாமத் திரும்பிட்டு, அந்தப் பிழைய மேல யாரும் பாக்கவும் இல்ல. பிறகு வர வேண்டிய எம்எஸ்ஆர் ஒண்டும் போகல்ல. அப்பிடிப் பாதி சிபியுவோட கெஸ்ட ஓட விட்டிரிக்கு.

களுதாவளையான், நீங்க சொல்ற எறிஞ்சித்துப் போறது இதுதான். வாவிக்கரைக்கு ஸ்கிரீன்ல ரெண்டு சொல்லு வந்திச்சி, நானாவுக்கு ஒரு வரி வந்திச்சி, ஒலுவில் தம்பிக்கு நீளம் எண்டாவது வந்திச்சி. எனக்கு ஒண்டும் வரல்ல. நிப்பாட்டுறது எவ்வளவோ மேல்.

2023 ஒக்டோபர்ல கேர்னல்ல திரும்பத் திருத்தினாங்க, இந்த முறை வெளில குடுக்கக்குள்ள மட்டும் வடிகட்டுறது, உள்ளுக்க வாறத ஹோஸ்ட் தாங்கினா ஏத்துக்கொள்ளுறது. இதுதான் எனக்கு விளங்கின பாடம், குடுக்கிற இடத்தில கண்டிப்பு, வாங்கிற இடத்தில பொறுமை, ஆனா பொறுமை எண்டது எது வந்தது, எத விட்டம் எண்டு தெரிஞ்சி விடுறது.

களுதாவளையான்:
அக்கா, நீங்க சொன்னது வேற, ஒலுவில் தம்பிட கதை வேற. பிகேஆர்யூ சிப்ல உண்மையாவே இரிக்கு. டிசிஆர்2 அந்தச் சிப்ல இல்லவே இல்ல. இல்லாதத எறியிறதுக்கும் இருக்கிறத எறியிறதுக்கும் வித்தியாசம் இல்லயா? ஒலுவில் தம்பி, நீங்களே சொல்லுங்க.

ஒலுவில் பை:
வித்தியாசம் இரிக்கு, ஆனா அத கியூஎமு என்னெண்டு கண்டு பிடிக்கும்? அதுக்கு வாறது ஒரு நம்பரும் ஒரு வேல்யூவும் மட்டும்தான். இந்த நம்பர் பொய்யா வந்ததா, உண்மையா கெஸ்ட் பாவிச்சதா எண்டு அதுக்குத் தெரியா. எல்லாத்தயும் எறிய விட்டா அக்கா சொன்னதுதான் நடக்கும். அதனால கியூஎமு ஆக்கள் பேசிக்கொண்ட வழி, இந்த இந்த ரெஜிஸ்டர் இல்லாட்டி பரவால்ல எண்டு பேர் சொல்லி ஒரு பட்டியல் வைக்கிறது, அத மெஷின் டைப்போட (கியூஎமு கெஸ்டுக்குக் காட்டுற மெஷின்ட வகையும் வேர்ஷனும்) கட்டுறது. களுதாவளையான் அண்ணன் கேட்டதும் அக்கா கேட்டதும் ரெண்டும் அதுக்குள்ள வந்திரும். ஒண்டொண்டா மனுசன் பாத்து, இது பொய் ரெஜிஸ்டர் எண்டு கையெழுத்து வச்ச மாதிரி.

அதோட இது பழைய கேர்னல்ல இருந்து புதுசுக்குப் போற பக்கம் மட்டும் இல்ல. பிறகு வந்த கேர்னல்கள்ல வென்டர் ஹைப்பர்கோல் பிட்மெப் ரெண்டாவது எண்டு ஒரு போலி ரெஜிஸ்டர் புதுசா லிஸ்ட்ல ஏறிச்சி, எல்லாக் கெஸ்டுக்கும். அப்ப புதுசில இருந்து பழசுக்குத் திரும்ப ஏலா. அப்கிரேட் சரி வரல்ல, திருப்பி எடுப்பம் எண்டு நினைக்கக்குள்ளதான் அது தெரிய வரும்.

சம்மாந்துறையான்:
போலி ரெஜிஸ்டர் எண்டா? சிப்ல இல்லாததா?

ஒலுவில் பை:
ஓம், சிப்ல இல்லாதது, கேவிஎம் தானா உண்டாக்கினது. கெஸ்டுக்கு கேவிஎம்தான் பேர்ம்வேர் மாதிரி நிக்கிது, அப்ப அந்தப் பேர்ம்வேர் எந்த வேர்ஷன் எண்டதையும் கெஸ்டோட சேர்த்து நகத்தணும். 2018ல ஸ்பெக்டருக்காக ஆர்ம்ல எஸ்எம்சி கோலிங் (பேர்ம்வேரக் கூப்பிடுற முறை) 1.1 தேவைப்பட்டிச்சி, அதுக்கு பிஎஸ்சிஐ (சிபியுவ எழுப்ப, நிப்பாட்ட பேர்ம்வேர்ட்டக் கேட்கிற முறை) 1.0 வேணும், அது வரைக்கும் கேவிஎம் காட்டினது 0.2. கேர்னல் மாறின உடன, 0.2 எண்டு நம்பிக்கொண்டு ஓடின கெஸ்ட் இடையில 1.0வக் காணும். அதனால பிஎஸ்சிஐ வேர்ஷனையே ஒரு ரெஜிஸ்டர் மாதிரி வச்சி, சேவ் பண்ணவும் திருப்பிப் போடவும் விட்டாங்க. பழைய கெஸ்ட் வந்தா 0.2 எண்டு எழுதினா கேவிஎம் 0.2 எண்டே நடிக்கும். எனக்கு இது நல்லாப் பிடிச்ச வேலை, ஏனெண்டா புது கேர்னல் பழைய கேர்னல் மாதிரி நடக்க ஒரு கைபிடி குடுத்திருக்காங்க. டிசிஆர்2க்கு அப்பிடி ஒரு கைபிடியும் இல்ல.

சம்மாந்துறையான்:
விளங்கிச்சி. ஆனா ஒரு கேள்வி, யாரும் கோவிக்காதீங்க. நம்மட ஊர்கள்ல எத்தின இடத்தில லைவ் மைக்ரேஷன் தேவ? இரவு பத்து மணிக்கு விஎம்ம ஒருக்கா நிப்பாட்டி எழுப்பினா இந்த ரெஜிஸ்டர் கதை ஒண்டும் இல்ல. கேர்னல் மாத்தக்குள்ள எல்லா விஎம்மயும் ஷட்டவுன் பண்றது எண்டு முடிவெடுத்தா முடிஞ்சிது. நான் ஒரு ஒபிஸ் பாக்கன், அங்க அப்பிடித்தான் செய்றம்.

வாவிக்கரை:
சம்மாந்துறையான், ஒபிஸுக்கு அது சரி. லேப் விஎம்ல ஒரு அனலைசர் இரவு பத்துக்கும் ரிசல்ட் அனுப்பும், விடிய மூணுக்கும் அனுப்பும். அதோட என்ட கேஸ்ல யாரும் கேர்னல் மாத்த முடிவெடுக்கல்ல, கரண்ட்தான் முடிவெடுத்திச்சி. அண்டைக்கு நான் மைக்ரேஷன் ஒண்டும் செய்யவும் இல்ல, ஒரே ஒரு மெஷின். சேவ் பண்ணி எழுப்புறது எண்டாலே அது காலத்துக்குக் குறுக்க ஒரு மைக்ரேஷன், நேத்தைய கேர்னல்ல இருந்து இண்டைய கேர்னலுக்கு. இத யாரும் எனக்கு முதல்ல சொல்லித் தரல்ல, அதனாலதான் இந்த இழைய தொடங்கினன்.

கல்முனை நானா:
அது நல்லாச் சொன்னீங்க தம்பி. இன்னொண்டும் சேக்கிறன், நிறையப் பேர் மெஷின் டைப் வேர்ஷன பூட்டி வச்சிரிக்கம், அது போதும் எண்டு நினைக்காங்க. பிசி கியூ35 6.2 எண்டு போட்டா கியூஎமு பக்கத்துச் சாமான் எல்லாம் 6.2 மாதிரியே நிக்கும், புது கியூஎமுலயும். ஆனா அது பூட்டுறது கியூஎமுவ மட்டும். கேர்னல் என்ன எம்எஸ்ஆர் காட்டுது, என்ன பிட் காட்டுது எண்டத அது பூட்டாது. எக்ஸ்86ல பேர் உள்ள சிபியு மொடல் அந்த இடைவெளில பெரிய பங்க மறைக்கும், அதாலதான் எனக்கு 2018க்குப் பிறகு பெரிசா அடி விழல்ல. ஆர்ம்ல கேவிஎம்மோட அந்த வசதியும் இல்ல, ஹோஸ்ட் சிபியுவ அப்பிடியே குடுக்கிறதுதான் வழக்கம், அப்ப கேர்னல் வாய் திறந்து சொல்றதெல்லாம் கெஸ்ட்ட கணக்கில ஏறும். 6.7ல இருந்து ஐடி ரெஜிஸ்டர் (சிப்ட அம்சங்களச் சொல்றது) நிறைய எழுத விட்டிரிக்காங்க, எது எழுத ஏலும் எண்டு கேட்கவும் வழி இரிக்கு, அது வளர்ந்தா ஆர்ம்லயும் பேர் உள்ள மொடல் வரும் எண்டு நான் நம்பிறன். ஒலுவில் தம்பி, நீங்க பை 5 வாங்கி பை 4ஓட சேர்த்து நகத்தலாம் எண்டு மட்டும் நினைச்சிராதீங்க, ஏ72ல இருந்து ஏ76க்கு, அது கேர்னல் பிரச்சினையே இல்ல, சிப்பே வேற. வாங்கிறதா இருந்தா ரெண்டா வாங்குங்க, கூலிங் பேனோட, பவர் அடப்டரும் அதுக்கெண்டு வாற அஞ்சு அம்பியர் உள்ளதே வாங்குங்க, போன் சார்ஜர் போட்டு ஓட்டாதீங்க.

ஒலுவில் பை:
நானா, பை 5 வாங்கிற யோசனையே இல்ல.

களுதாவளையான்:
பட்டியல் போட்டு எறியிறது எண்டா நான் ஒத்துக்கொள்ளுறன். இக்னோர் எம்எஸ்ஆர்ஸ் நானா சொன்னதும் விளங்கிச்சி, என்ட சேவரில அது ஒரு பழைய கெஸ்டுக்காகப் போட்டது, மற்றதுகளுக்குத் தேவையா எண்டு பாக்கன். ஆனா அக்கா, லிஸ்ட் எடுத்துப் பாக்கிறது எண்டு எல்லாரும் சொல்றீங்க, அப்கிரேட் பண்ண முதலே அத என்னெண்டு பாக்கிறது? விஎம்ம நகத்திப் பாத்துத்தான் தெரியணுமா?

ஆரையம்பதி அக்கா:
நகத்தத் தேவல்ல. எக்ஸ்86 எண்டா கேவிஎம்ட்ட எம்எஸ்ஆர் இன்டெக்ஸ் லிஸ்ட் கேட்கிற அழைப்பு ஒண்டு இரிக்கு, அதோட ஆதரிக்கிற சிபியுஐடி கேட்கிறதும். ஆர்ம் எண்டா ஒரு சின்ன விசிபியு (மெய்நிகர் சிபியு) உண்டாக்கி ரெஜிஸ்டர் லிஸ்ட் கேட்கலாம். நான் சி ல ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சிரிக்கன், விஎம் ஒண்டும் ஓடத் தேவல்ல, டெவ் கேவிஎம்மத் திறந்து கேட்டு ஒரு பைலுக்குள்ள வரிசையா எழுதும். பழைய கேர்னல்ல ஒருக்கா, புது கேர்னல் ஏத்தின ஒரு வெறும் ஹோஸ்ட்ல ஒருக்கா, ரெண்டு பைலயும் டிப் போட்டா கூடினதும் குறைஞ்சதும் வரி வரியா வரும். குறைஞ்சிருந்தா முன்னுக்குப் போற வழி அடைபடும், கூடியிருந்தா திரும்பி வாற வழி அடைபடும், எக்ஸ்86ல எல்லாக் குறையும் அடைக்காது, கெஸ்ட் மொடல்ல அந்த அம்சம் இருந்தாத்தான். வாவிக்கரைட மெஷின்ல இத ஓட்டியிருந்தா எச்எல்இயும் ஆர்டிஎம்மும் சிபியுஐடி பைல்ல முதலே தெரிஞ்சிருக்கும்.

ஒண்டு மட்டும், என்ட பிகேஆர்யூ கேஸ் இதில மாட்டாது. அங்க லிஸ்ட் ரெண்டும் ஒண்டுதான், வாங்கிற பழக்கம்தான் மாறினது. அதுக்கு உண்மையாவே ஒரு சோதனை விஎம்ம, வேலை செய்றதுகள் போடுற அதே சிபியு மொடலோட, நகத்தித்தான் பாக்கணும், நகத்தினதுக்குப் பிறகு உள்ளுக்க போய் ஒரு தசமக் கணக்கு ஓட விட்டு விடை சரியா எண்டும் பாக்கணும்.

வாவிக்கரை:
அக்கா, அந்தப் புரோகிராம இஞ்ச போட ஏலுமா? கிளினிக் ஹோஸ்ட்ல 6.12 இறங்கிக் காத்துக்கொண்டு கிடக்கு, அது ரீபூட் ஆக முதல் நாளைக்கு ஓட்டிப் பாக்கப் போறன்.

ஆரையம்பதி அக்கா:
போடுறன் தம்பி, கம்பெனிப் பேர் இருக்கிற கொமன்ட் ரெண்டு மூணு கிடக்கு, அத எடுத்துத்து இரவைக்குப் போடுறன். அது வரைக்கும் அந்த ஹோஸ்ட ரீபூட் பண்ண வேணாம், யுபிஎஸ் கொன்பிக்லயும் சஸ்பெண்டுக்கு முதல் பழைய கேர்னலயே டிபோல்ட்டா கிரப்ல வச்சி விடுங்க, கரண்ட் போனாலும் அதிலயே எழும்பும்.